வாசலில் வாங்கி வைத்த துண்டு

புதிதாக வார்டர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, காலையில் கைதிகளை வரிசையில் நிறுத்தி எண்ணும்போது எத்தனை தலை என்று மட்டும் பாருங்கள். எந்தத் தலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனால் எண்ணிக்கை தப்பிவிடும். அப்படி ஒரு காலையில் என் வேலை போயிருக்க வேண்டியது. போகவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களுக்கு இப்போது பயிற்சியிலேயே கைதிகளின் உரிமைகள் என்று தனிப் பாடம் உண்டு என்று கேள்விப்படுகிறேன். நல்ல காரியம். நான் சேர்ந்தபோது ஒரு சாவிக்கொத்து, ஒரு லத்தி, அளவு பொருந்தாத ஒரு காக்கி உடுப்பு, இவ்வளவுதான் தந்தார்கள். எனக்குப் படிப்பும் ஏழாம் வகுப்போடு சரி. மகாராஜாவின் ஆட்சி முடிந்து, நம்முடைய தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் கிடந்த காலம் அது. பத்மநாபபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு சின்ன சப்ஜெயில். முற்றத்தைச் சுற்றி அறைகள், நடுவில் ஒரு கிணறு. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலும் விசாரணை முடியாதவர்கள். குற்றம் செய்தார்களா இல்லையா என்று இன்னும் யாரும் தீர்மானிக்காத ஆட்கள். நான் தினமும் குமாரகோயில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவன். தீர்ப்புச் சொல்லும் வேலையை முருகன் என்னிடம் தரவில்லை என்பதில் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு.

எங்கள் ஹெட் வார்டரின் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கிறிஸ்தவச் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் பாட்டுக்காரர்களோடு முன்வரிசையில் நிற்பவர். நான் சேருவதற்குச் சிறிது காலம் முன்னால் ஒரு விசாரணைக் கைதி தன் தோளில் கிடந்த துண்டை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கிவிட்டான். காலையில் அறையைத் திறந்தவர் அண்ணாச்சி. தாங்கிப் பிடித்து இறக்கியவரும் அவர்தான்.

அன்றே அவர் ஒரு ஏற்பாடு செய்தார். உள்ளே வருகிற யாரும் துண்டோ வேட்டியோ நீளமான எந்தத் துணியோ கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வாங்கி, ஆளுக்கொரு முடிச்சாகக் கட்டி மரப்பெட்டியில் வைத்து, வெளியே போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். உடுக்க முழங்கால்வரை வரும் ஜெயில் நிக்கர். முகம் துடைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு கிழிசல். மேலிடமும் இதற்குச் சம்மதித்தது. கைதியை அவமானப்படுத்துவதற்காக வந்த விதி இல்லை இது. இன்னொருவனை அப்படி இறக்கக் கூடாது என்று ஒரு மனுஷன் பயந்து போட்ட விதி. மேலே படிக்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

அந்த வாசலுக்குச் செல்லையா வந்தார். அருமனைப் பக்கத்துக்காரர், மாட்டுவண்டியில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர். ஐம்பது வயது இருக்கும். சந்தையில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக நடந்த அடிபிடியில் ஒருவனுக்குக் கை ஒடிந்தது. ஒடித்தது இவர் என்று வழக்கு. நெற்றியில் தீபச்சுடர் மாதிரி வெள்ளை நாமம். அய்யா வழிக்காரர். மடியிலிருந்த பாக்குவெட்டியைக் கேட்டோம், உடனே தந்தார். துண்டைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார்.

“திரும்பத் தருவீங்கல்லா?”

“போகும்போ தருவோம்” என்றேன்.

“செரி.” நாலாக மடித்துத் தந்தார்.

மறுநாள் காலை கஞ்சி வந்தது. செல்லையா தொடவில்லை. மதியமும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

அந்த நாட்களில் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம் ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அதில் பிடிபட்டு வருகிறவர்கள் கஞ்சியைத் தள்ளி வைப்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. அண்ணாச்சி இவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“ஓய், ஒம்ம கோரிக்கை என்ன?”

“கோரிக்கையா? ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமலா உண்ணாவிரதம் இருக்கீரு?”

“நான் விரதம் ஒண்ணும் இருக்கல்லியே.”

“பின்ன கஞ்சி?”

“எறங்கல்ல.”

பக்கத்து அறையில் மரியதாசன் சிரித்தான். இனயத்து மீன்பிடிகாரன், வலைத் தகராறில் உள்ளே வந்தவன். அவன் வாய் சும்மா இருக்காது. “ஏமானே, அவருக்க கஞ்சிய இஞ்ச தள்ளும். ரெண்டு பேருக்கும் சேத்து நான் கோரிக்கை வைக்கேன்.”

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. “நாளைக்கும் இப்பிடி இருந்தாருண்ணா கோர்ட்டுக்கு எழுதணும் மக்கா” என்று என்னிடம் சொன்னார்.

எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஜெயிலில் அடங்காத ஆள் என்று பெயர் விழும். அடுத்த வாய்தாவில் கிடைக்க வேண்டிய ஜாமீன் கிடைக்காது. திருவனந்தபுரத்துப் பெரிய ஜெயிலுக்கு ஏற்றிவிடுவார்கள். இங்கே என்றால் அவருடைய மனைவி சந்தை நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அங்கே அவரைத் தேடி யார் போவார்கள்?

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நின்றபோது கேட்டேன். “எனக்கிட்டயாவது சொல்லும். எதுக்கு சாப்பிடல்ல?”

“சொன்னா ஒங்களுக்கு சங்கடம் வார்டரே.”

“எனக்க சங்கடத்த நான் பாத்துக்கிடுவேன். நீரு சொல்லும்.”

“காலம்பற அய்யாவ கும்பிடாம நான் வாயில ஒண்ணும் வச்சதில்ல. தலையில கெட்டாம கும்பிடவும் முடியாது. துண்டு ஒங்க பெட்டியில கெடக்கு. அம்புடுதான்.”

“இத அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“எல்லாருக்கிட்டயும்தான வாங்கி வச்சிருக்காரு. எனக்கு மட்டும் தாரும்ணு எப்பிடி கேக்க?”

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தாத்தாமார் காலத்தில் இந்தப் பக்கத்தில் இன்ன சாதிக்காரர் தலையில் துணி கட்டக் கூடாது என்று இருந்தது. பெரிய ஆள் யாரையாவது கண்டால் தலையிலோ தோளிலோ கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நிற்க வேண்டும். அய்யா வழி என்ற வழிபாடு வந்த பிறகு அந்த ஆட்கள் சாமியின் முன்னால் தலைப்பாகை கட்டி நிற்கத் தொடங்கினார்கள். கும்பிடுகிற இடத்தில் ஒரு கண்ணாடி வைத்திருப்பார்கள். தலைப்பாகையோடு தன் முகத்தையே அதில் பார்த்துக் கும்பிட வேண்டும். இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் வழி வேறு.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். “ஒரு முழத் துணிக்காக ஒரு ஆளு பட்டினி கெடக்காரு” என்றேன்.

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “நீங்க குளிச்சி திருநீறு இடாம ஒரு நாளு இந்த எலையில கை வச்சிருக்கீளா?”

ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் அண்ணாச்சி கதவடியில் நிற்கும்போதே போய்ச் சொன்னேன். “அவரு போராட்டக்காரரு இல்ல அண்ணாச்சி. அவருக்கு துண்டு வேணும். சாமி கும்பிட.”

அண்ணாச்சியின் முகம் மாறியது. “துண்டு கிண்டுண்ணு எனக்கிட்ட பேசாத மக்கா.”

“கும்பிடுக நேரம் மட்டும் அண்ணாச்சி.”

“அவன எறக்கினது ஒனக்க கையா, எனக்க கையா?”

ஒருவர் தன் கையில் தாங்கிய பாரத்தைப் பற்றிப் பேசும்போது எதிரில் நின்று நியாயம் பேசக் கூடாது. அண்ணாச்சி கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு அவரே கேட்டார்.

“எம்புடு நேரம் கும்பிடுவாரு?”

“நீங்க ஞாயித்துக்கெழம ஜெபிக்கதுக்கு பாதி கூட இருக்காது.”

“நக்கலா?”

“அய்யோ, இல்ல அண்ணாச்சி.”

அவர் சொன்ன நிபந்தனைகள் கறாரானவை. அறைக்குள் கூடாது, கிணற்றடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி. துண்டை நான்தான் கொண்டு கொடுக்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். முடிந்த உடனே வாங்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். “நடுவுல நீ ஒரு கொட்டாவி விட்டாலும் அத்தோட நிறுத்திப்போடுவேன்” என்றார்.

அன்றே தொடங்கியது. செல்லையா குளித்துவிட்டு, வாளியில் தண்ணீர் நிறைத்து முன்னால் வைத்தார். எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. தண்ணீர் அலையடங்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு துண்டைத் தலையில் சுற்றிக் கட்டி, வாளிக்குள் பார்த்துக் கைகூப்பினார். ஜெயிலில் கண்ணாடி கிடையாது. அந்தத் தண்ணீரைத்தான் கண்ணாடியாக வைத்துக்கொண்டார். முடிந்ததும் துண்டை அவிழ்த்து மடித்து என் கையில் தந்தார். கஞ்சி வந்தது. குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

பிறகு தினமும் இதுவே நடந்தது. மரியதாசன் கம்பிக்குப் பின்னாலிருந்து, “ஏமானே, எனக்க தலையிலயும் ஒண்ணு கெட்டி விடும். மாப்பிள்ள மாதிரி கோர்ட்டுக்குப் போறேன்” என்பான். “ஒனக்க தலைக்கு துண்டு பத்தாதுலேய், பாய்மரத்துத் துணிதான் வேணும்” என்பார் செல்லையா. அவர் விளையாட்டாகப் பேசிக் கேட்டதே அந்த நாட்களில்தான். அண்ணாச்சி மட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். துண்டு பெட்டிக்குள் போன பிறகுதான் அவர் நடமாடத் தொடங்குவார்.

ஒரு காலையில் முன்தகவல் இல்லாமல் ஒரு அதிகாரி வந்துவிட்டார். திருவனந்தபுரத்துக்காரர், நாகர்கோவில் போகிற வழியில் பரிசோதனைக்கு இறங்கியவர். கெட்ட மனிதர் இல்லை. கைதிக்கு வரும் கஞ்சியைத் தானே வாயில் வைத்துப் பார்த்து உப்புக் குறைவு என்று சொல்லக்கூடியவர். ஆனால் மரியாதை விஷயத்தில் பழைய ஆள்.

அண்ணாச்சி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கைதிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முற்றத்தின் நடுவில் செல்லையா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் பாகையோடு வாளியைக் குனிந்து பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்ஸ் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

“எந்தா இது?” என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார்.

அவருக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு கைதி, அதிகாரி வந்த பிறகும், தலைக்கட்டோடு முதுகைக் காட்டி நிற்கிறான். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“அதை அவிழ்த்து எடு.”

நான் கை எட்டும் தூரத்தில்தான் நின்றேன். அங்கே நிற்கத்தானே அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஒரே இழுப்பில் கையோடு வந்துவிடும். இழுத்தால் எனக்கு ஒன்றும் நேராது, அண்ணாச்சிக்கும் நேராது. கைதி விதியை மீறினான், வார்டர் சரிசெய்தான் என்று போய்விடும். செல்லையாவுக்கு என்ன நேரும்? கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையிலிருந்து துண்டை உருவினால் அந்த மனுஷன் திமிறலாம். திமிறினால் வார்டரைத் தாக்கினான் என்று ஆகும். ஏற்கெனவே கை ஒடித்த வழக்கு. அதற்குப் பிறகு ஜாமீனைப் பற்றிப் பேச வேண்டாம். திமிறாமல், தாத்தாமார் காலத்தில் நின்ற மாதிரி குனிந்து நின்றுவிட்டாலோ? அது இன்னும் மோசமாக எனக்குத் தோன்றியது.

மேலதிகாரியின் உத்தரவு காதில் விழுந்ததும் நம்முடைய கை தானாகவே நீளும். பழக்கம் அப்படி. கை நீளும் முன்னால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும். மாட்டேன் என்று சொல்லச் சொல்லவில்லை. மாட்டேன் என்றால் அது சண்டை, அதில் நாம் தோற்போம். நான் சொன்னது இது:

“முடிஞ்ச உடனே எடுத்திருவேன் சார். அதுக்காகத்தான் இஞ்ச நிக்கேன்.”

“இப்போது” என்றார் அவர்.

“முடியப் போகுது சார்.”

அதிகாரி என்னை விட்டுவிட்டுத் தானே நடந்து வந்தார். செல்லையாவின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, இந்த ஆள் அப்படி எதைத்தான் பார்க்கிறான் என்று வாளிக்குள் குனிந்தார். நான் நின்ற இடத்திலிருந்து தண்ணீர் தெரிந்தது. அதில் இரண்டு தலைகள் இருந்தன. ஒன்றில் துண்டு, ஒன்றில் தொப்பி.

துண்டை நோக்கி நீண்ட அதிகாரியின் கை பாதி வழியில் நின்றது. அவர் நிமிர்ந்து அண்ணாச்சியைத் தேடினார். அண்ணாச்சி தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். சபைக்காரர்கள் ஜெபம் என்றால் தலையில் இருப்பதை எடுத்துவிடுவார்கள். அவர் அதை யோசித்துச் செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

“ஜெபம் நடக்கு சார்” என்றார், நிமிராமல்.

அதிகாரி தன் தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் காத்திருந்தார்.

செல்லையா முடித்தார். நிமிர்ந்தார். துண்டை அவிழ்த்து, வழக்கம்போல நாலாக மடித்து என் கையில் தந்தார். பிறகுதான் திரும்பி அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நான் வந்தது உனக்குக் கேட்கவில்லையா?”

“ஆரோ வந்திருக்காங்கண்ணு தெரிஞ்சுது. நடுவுல நிறுத்த முடியாது.”

“நாளையிலிருந்து துண்டு கிடையாது என்று நான் சொன்னால்?”

செல்லையா யோசித்துத்தான் பதில் சொன்னார். “தரண்டாம். நான் கும்பிடாம இருப்பேன். கஞ்சி எறங்காது. வேற ஒண்ணும் செய்யமாட்டேன். இவங்க ரெண்டு பேருக்க மேலயும் எனக்கு வருத்தம் இல்ல.”

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். “துண்டைக் கொடுத்தது யார்?”

“நான்” என்றேன். அண்ணாச்சியும் அதே நேரத்தில் “நான்” என்றார்.

“ஒரு துண்டுக்கு ரெண்டு கள்ளனா?” என்று பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தபோது மரியதாசன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கஞ்சி வந்தது. அதிகாரி ஒரு வாய் வைத்துப் பார்த்தார். உப்பு சரியாக இருக்கிறது என்றார். துண்டைப் பற்றி வேறு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார். துண்டு கொடுக்காதே என்று அவர் சொல்லவில்லை என்பதால் மறுநாளும் கொடுத்தோம். ஆனால் அண்ணாச்சிக்கு அந்த நாட்களில் தூக்கம் இருந்திருக்காது.

பிறகு உத்தரவு வந்தது. முன்அனுமதி இல்லாமல் கைதியிடம் துணி கொடுத்தது தவறு, இனி இப்படி நடக்கக் கூடாது என்று ஹெட் வார்டருக்குக் கண்டிப்பு. அதே தாளில், அதற்குக் கீழே, கைதிகளின் வழிபாட்டுக்கு வேண்டிய துணியை வார்டரின் பார்வையில் கொடுத்து உடனே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“குட்டுனதும் அவருதான், தடவுகதும் அவருதான்” என்றார். கண்டிப்புக்கும் அனுமதிக்கும் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டார்.

உரிமை, சீர்திருத்தம் என்று நீங்கள் பாடத்தில் படிப்பது பெரிய இடங்களில் பெரியவர்கள் எழுதியது. அது வேண்டும். அது இல்லாமல் நம்மைப் போன்றவர்கள் எத்தனை நாள் தாங்க முடியும்? ஆனால் அது கிணற்றடிக்கு வந்து சேரும் முன்னால் அங்கே ஒரு வார்டர் நின்றுகொண்டிருப்பான். அவன் அந்த விதி எதற்காக வந்தது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் விதி உயிரைக் காப்பாற்ற வந்தது. துண்டு ஒரு நிமிஷம்கூட என் கண்ணை விட்டுப் போகவில்லை; உயிர் காப்பாற்றப்பட்டது. கும்பிட்டவரும் கும்பிட்டார். விதிக்கு இதில் என்ன நஷ்டம்?

வாய்தா வந்தது. செல்லையாவைப் பற்றி ஜெயிலிலிருந்து குறை ஒன்றும் போகவில்லை. ஜாமீன் கிடைத்தது. வழக்கு பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

அவர் வெளியே போன நாள் நல்ல உச்சிவெயில். வாசலுக்கு வெளியே அவருடைய வண்டி நின்றது. மனைவி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி மரப்பெட்டியைத் திறந்து, என்னிடம் சொல்லாமல், தானே முடிச்சைத் தேடி எடுத்து அவிழ்த்து வேட்டியையும் பாக்குவெட்டியையும் கொடுத்தார். கடைசியாகத் துண்டைக் கொடுத்தார். செல்லையா வேட்டியை உடுத்தார். துண்டை உதறி, நிதானமாகச் சுற்றி, அண்ணாச்சிக்கு நேர் எதிரில் நின்றே தலையில் கட்டிக்கொண்டார்.

“ஓய்” என்றார் அண்ணாச்சி, “இஞ்ச ஜெபம் ஒண்ணும் நடக்கல்லியே?”

“இல்ல அண்ணாச்சி” என்றார் செல்லையா. “வெயிலு.”

அண்ணாச்சி சிரித்தார். ஒரு துண்டைப் பார்த்து அவர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வண்டி சாலையில் திரும்பும்வரை அந்தத் தலைக்கட்டு வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய் மதிய எண்ணிக்கை எடுத்தோம். ஒரு தலை குறைந்தது. கணக்கு சரியாக இருந்தது.